ஒரு அங்குல உத்தரவாதம் தந்த ரைஃபிள் ஒன்றரை அங்குலம் சிதறுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

அமெரிக்காவில் 500, 600 டாலருக்குக் கிடைக்கும் வேட்டை ரைஃபிள்கள் பலவற்றுக்கு இப்போது 'சப் எம்.ஓ.ஏ. உத்தரவாதம்' உண்டு; 100 கஜத்தில் சுட்ட குண்டுகள் ஏறக்குறைய ஒரு அங்குலத்துக்குள் விழும் என்ற வாக்கு அது. அதை நம்பி வாங்குகிறோம். ரேஞ்சுக்குப் போய் மூன்று குண்டு சுட்டால் ஒன்றரை அங்குலம் வருகிறது. 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று அன்றைக்கே முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அவர்களில் பலரின் ரைஃபிளில் ஒரு குறையும் இருக்காது. சிலருடையதில் உண்மையிலேயே குறை இருக்கும், ஆனால் அதைக் காட்டத் தெரியாமல் விட்டுவிடுவார்கள். இந்த இரண்டில் உங்களுடையது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உத்தரவாதத்தை வரி வரியாகப் படியுங்கள்

வெதர்பி வேன்கார்டை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் ஹோவா தொழிற்சாலையில் தயாராகும் ரைஃபிள் அது. அதற்கு வெதர்பி தரும் வாக்கு: குளிர்ந்த பேரலில் (குழலில்), 100 கஜத்தில், மூன்று குண்டு குரூப் (சேர்ந்து விழும் ஓட்டைகளின் பரவல்) 0.99 அங்குலமோ அதற்குக் குறைவோ. தோட்டா வெதர்பியின் சொந்தத் தயாரிப்பாகவோ பிரீமியம் ரகமாகவோ இருக்க வேண்டும். ஸ்பெயினின் பெர்காரா தன் பி-14 வரிசைக்கு 100 கஜத்தில் 1 எம்.ஓ.ஏ. தருகிறது. அங்கே நிபந்தனை, தரமான மேட்ச் ரகத் தோட்டா.

எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 கஜத்தில் அது 1.047 அங்குலம், 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். ஆக, ஒரு அங்குலத்துக்குள் என்றால் ஒரு எம்.ஓ.ஏ.வுக்குக் கொஞ்சம் உள்ளேயே.

மூன்று குண்டு, குளிர்ந்த பேரல், நல்ல தோட்டா. இந்த மூன்று நிபந்தனையும் எழுதியிருக்கிறது. எழுதாமல் விட்டதுதான் முக்கியம்: அந்தக் குரூப் ஒரு முறை வந்தால் போதுமா, ஒவ்வொரு முறையும் வர வேண்டுமா? இதற்கு அந்த வரியில் பதில் கிடையாது. இந்தப் பேரலால் இது முடியும் என்கிறார்கள். நாளைக்கு நீங்கள் சுடும் குரூப்பைப் பற்றி எந்த வாக்கும் இல்லை.

அளப்பதே தப்பாக இருக்கலாம்

குரூப் அளவு என்பது ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் விழுந்த இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரம். கண்ணால் நடுவைக் குறிப்பது கஷ்டம். அதனால் காலிப்பர் என்ற அளவுக் கவ்வியால் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, குண்டின் விட்டத்தைக் கழிப்பார்கள். .308 வின்செஸ்டரில் வெளி அளவு 1.42 என்றால் 0.308ஐக் கழித்து 1.11. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காகிதத்தில் ஓட்டை குண்டை விடச் சிறிதாகத்தான் தெரியும், காகிதம் கொஞ்சம் பின்வாங்கி மூடிக்கொள்ளும். தனியாக விழுந்த ஒற்றை ஓட்டையை அதே காலிப்பரால் அளந்து அந்த எண்ணைக் கழித்தால் கணக்கு சரியாக வரும். அளவுகோலை வைத்துச் சுமாராகப் பார்ப்பவர் கால் அங்குலம் வரை தனக்கே பாதகமாக எழுதிக்கொள்கிறார்.

இனி அறிகுறிகள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் மேகசினைக் கழற்றி, போல்ட்டை வெளியே எடுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

அறிகுறி: ஒரு குரூப் முக்கால் அங்குலம், அடுத்தது ஒன்றரை

அதிகம் பேர் புலம்புவது இதைப் பற்றித்தான். பெரும்பாலும் இதில் கோளாறு எதுவும் இருக்காது.

மூன்று குண்டு குரூப் என்பது மிகச் சின்ன மாதிரி. ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஒரே ஆள் என்று எதுவும் மாறாவிட்டாலும் அதன் அளவு பயங்கரமாக ஏறி இறங்கும். குண்டுகள் எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறும் ரைஃபிளுக்கு நிகழ்தகவுக் கணக்கு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மூன்று குண்டு குரூப்பின் சராசரி 1 அங்குலம் என்றால், அதே ரைஃபிளின் ஐந்து குண்டு குரூப் சராசரி சுமார் 1.27, பத்து குண்டு சுமார் 1.6. ரைஃபிள் கெட்டுப்போனதால் இப்படி ஆவதில்லை. குண்டு கூடக் கூட ஓரத்தில் விழுபவையும் கணக்கில் சேருகின்றன, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். சராசரியாக 1.3 அங்குலம் சுடும் ரைஃபிள்கூட ஏறக்குறைய நாலு குரூப்புக்கு ஒன்று ஒரு அங்குலத்துக்குள் சுட்டுவிடும். ஐந்து குரூப் சுட்டால் ஒன்றாவது உள்ளே வர நாலில் மூன்று பங்குக்கு மேல் வாய்ப்பு. ஒரு நல்ல குரூப்பைக் காட்டி 'வாக்கைக் காப்பாற்றிவிட்டோம்' என்று கம்பெனி சொல்ல முடியும். ஒரு மோசமான குரூப்பைக் காட்டி 'காப்பாற்றவில்லை' என்று நீங்களும் சொல்ல முடியும். இரண்டுமே ரைஃபிளைப் பற்றி அதிகம் சொல்லாது.

அப்போது எப்படித்தான் தெரிந்துகொள்வது? ஒரே குறிப்புள்ளியில், ஸ்கோப்பைத் திருகாமல், பேரல் ஆற நேரம் கொடுத்து மூன்று மூன்றாக நாலு குரூப் சுடுங்கள். நாலுக்கும் தனித்தனி டார்கெட். வீட்டுக்கு வந்து நாலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பன்னிரண்டு ஓட்டைகளையும் ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த அளவு 1.6, 1.7 அங்குலம் வந்தால் உங்கள் ரைஃபிள் சராசரியிலேயே வாக்கைக் காப்பாற்றுகிறது. இரண்டு அங்குலம் வரை வந்தாலும் கவலைப்பட மாட்டேன். இரண்டரையைத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. அடுத்த அறிகுறிகளுக்குப் போகலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: மூன்று குண்டு சுட்டு, நடு கொஞ்சம் வலப்பக்கம் தெரிகிறது என்று ஸ்கோப்பைத் திருகாதீர்கள். அது வெறும் தற்செயலாக இருக்கலாம். திருகத் திருக ஜீரோ (ஸ்கோப் காட்டும் புள்ளியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும் அமைப்பு) உங்களைவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். தோட்டாவும் தீரும்.

அறிகுறி: முதல் இரண்டும் ஒட்டி விழும், மூன்றாவது நாலாவது ஒரே திசையில் விலகிப் போகும்

இதுவும் சிதறல்தான், ஆனால் இதற்கு ஒரு திசை இருக்கிறது. சூடாகச் சூடாகக் குண்டு ஒரே பக்கம் நகர்ந்தால் தற்செயல் என்று விட முடியாது. மலிவு ரைஃபிள்களில் நிஜமான கோளாறு அதிகம் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

விலை குறைந்த ரைஃபிளில் பணம் எங்கே மிச்சமாகிறது? பேரலில் இல்லை. இன்றைய இயந்திரங்களில் மலிவான பேரலும் நன்றாகவே அமைகிறது. மிச்சம் பிடிப்பது ஸ்டாக்கில், அதாவது பேரலைத் தாங்கித் தோளில் அணையும் கட்டையில். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஸ்டாக்கின் முன்பகுதி உள்ளே பொள்ளலாக, வெறும் தடுப்புச் சுவர்களோடு இருக்கும். கையால் பேரலோடு சேர்த்து அழுத்தினால் வளைந்து பேரலைத் தொடும். அழுத்தும்போது தொட்டு, விட்டால் விலகினால், ஒவ்வொரு குண்டுக்கும் பேரலின் அதிர்வு ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

சோதனை எளிது. ஒரு டாலர் நோட்டைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் முன்னாலிருந்து நுழைத்து ரிசீவர் (பேரல் பொருந்தியிருக்கும் உடல்பகுதி) வரை இழுத்துப் பாருங்கள். பலரும் ரைஃபிளைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு இதைச் செய்து, 'நோட்டு போகிறது, பிரச்சினை இல்லை' என்று முடித்துவிடுவார்கள். அது போதாது. நீங்கள் சுடும் அதே மணல் பை மேல் வைத்து, தோளில் அணைத்து, சுடும்போது எவ்வளவு எடை கொடுப்பீர்களோ அவ்வளவு கொடுத்துவிட்டு, வேறொருவரை நோட்டை இழுக்கச் சொல்லுங்கள். ஒற்றை நோட்டு போனால் மட்டும் போதாது, மூன்று நாலு மடிப்பு தாராளமாகப் போக வேண்டும். பைபாட் (முன்னால் தாங்கும் இரட்டைக் கால்) மாட்டியிருந்தால் அதோடும் பாருங்கள். நண்பர் ஒருவரின் 6.5 கிரீட்மூர் ரைஃபிளில் கையில் பிடித்தபோது நோட்டு வழுக்கிக்கொண்டு போனது. பைபாட்டில் நிறுத்தித் தோளால் முன்னால் தள்ளியதும் பாதி வழியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதுவரை அவர் தோட்டா மாற்றி மாற்றிச் செலவு செய்துகொண்டிருந்தார்.

சரி, தொடுகிறது. என்ன செய்வது? முதல் வைத்தியத்துக்குக் காசு வேண்டாம். முன் பையை ஸ்டாக் நுனியிலிருந்து பின்னால் தள்ளி, மேகசினுக்குச் சற்று முன்னால் வையுங்கள். ஸ்டாக் அங்கே கெட்டியாக இருக்கும். பாதி பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் பேரல் படுக்கும் பள்ளத்தை அகலப்படுத்துவது, பொள்ளலான முன்பகுதியில் அலுமினியக் கம்பியோ கார்பன் அம்புத் தண்டோ வைத்து எபாக்சி ஊற்றிக் கெட்டிப்படுத்துவது என்று வழிகள் உண்டு. ஆனால் ரைஃபிளைக் கம்பெனிக்கு அனுப்பும் எண்ணம் துளியாவது இருந்தால் ஸ்டாக்கில் கை வைக்காதீர்கள். அப்புறம் பழி ஸ்டாக்கைக் குடைந்தவர் மேல் விழும்.

எல்லாத் தொடலும் கோளாறும் இல்லை. ரெமிங்டன் 700இன் பழைய மர ஸ்டாக்குகளில் முன் நுனியில் பேரலை வேண்டுமென்றே தாங்கும் மேடு வைத்திருப்பார்கள். இருபுறமும் சமமாக, சின்ன மேடாக இருந்தால் அது தயாரித்தவர் வைத்தது. தேய்ப்பதற்கு முன் கையேட்டைப் பாருங்கள்.

ஸ்டாக் எங்கும் தொடவில்லை, ஆனாலும் சூட்டில் நகர்கிறது என்றால் பேரலின் உலோகத்திலேயே உள்ளழுத்தம் (தயாரிப்பின்போது தங்கிய இறுக்கம்) இருக்கலாம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. ஆனால் உத்தரவாதம் குளிர்ந்த பேரலுக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம். மெல்லிய வேட்டைப் பேரல் ஐந்தாவது குண்டில் நகர்ந்தால் வாக்கை மீறியதாக ஆகாது. மானுக்கு ஐந்தாவது குண்டு தேவைப்படவும் கூடாது.

அறிகுறி: குண்டுகள் மேலும் கீழுமாக ஒரே கோட்டில்

இதைப் பார்த்ததும் 'தோட்டாவின் வேகம் மாறுகிறது' என்று சொல்லிவிடுவார்கள். 100 கஜத்தில் இந்தக் காரணம் செல்லாது. வினாடிக்கு 2800 அடி வேகத்தில் போகும் குண்டு 100 கஜத்துக்குள் இரண்டேகால், இரண்டரை அங்குலம்தான் விழுகிறது. வேகம் 50 அடி கூடிக் குறைந்தாலும் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாது. 500 கஜத்தில் அதே 50 அடி பெரிய விஷயம், இங்கே கிடையாது.

நிஜக் காரணம் பெரும்பாலும் பிடிமானம். மேலே சொன்ன ஸ்டாக் தொடல், முன் பை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் இருப்பது, பின் பையை அழுத்தும் அளவு மாறுவது, மூச்சு. ஸ்லிங் (தோள் பட்டை) மாட்டும் திருகு முன் பையில் இடித்துக்கொண்டு நின்றாலும் இதே கோடு வரும்.

அறிகுறி: இடமும் வலமுமாகப் பரவுகிறது

இரண்டு சந்தேகம்: காற்று, ட்ரிகர். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று ஒரு சாதாரண .308 குண்டை 100 கஜத்தில் முக்கால் அங்குலத்துக்குப் பக்கம் தள்ளும். உத்தரவாதத்தின் ஒரு அங்குலத்தில் இது எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள். அமைதியான காலை நேரத்தில் மறுபடி சுடுங்கள்.

ட்ரிகர் அடுத்தது. ஏழு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் ட்ரிகரை இழுக்க ஆறு பவுண்டு விசை வேண்டும் என்றால் இழுக்கும்போதே ரைஃபிள் திரும்பும். சாவேஜின் அக்யூட்ரிகர், ரூகர் அமெரிக்கனின் ட்ரிகர் இரண்டிலும் இந்த விசையைச் சொந்தக்காரரே குறைத்துக்கொள்ளலாம். ரூகரில் 3 முதல் 5 பவுண்டு வரை. கையேடு சொல்லும் எல்லைக்குள் மட்டும்.

அறிகுறி: இரண்டு தனித்தனிக் கொத்து, அல்லது காரணமே இல்லாமல் ஒன்று எங்கோ போவது

இரண்டு கொத்தாக விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு நடுவில் ஆடுகிறது. அது என்ன என்று தேட வேண்டும். ஸ்கோப்பும் சேர்த்து மாட்டியே விற்கும் பேக்கேஜ் ரைஃபிள்களில் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்கோப்பை. உத்தரவாதம் பேரலுக்கு; கூட வந்த மலிவு ஸ்கோப்புக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

திருகைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கோப்பைக் கவ்விப் பிடிக்கும் ரிங் திருகுகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 15 முதல் 18 இன்ச்-பவுண்டு சொல்கிறார்கள். அதன் கீழே இருக்கும் பேஸ் (ரிங்கைத் தாங்கும் அடித்தட்டு) திருகுகளை ரிங்கைக் கழற்றாமல் பார்க்க முடியாது. அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை, தளர்ந்திருப்பதும் அதுதான். ரிசீவரை ஸ்டாக்கோடு பிணைக்கும் இரண்டு ஆக்‌ஷன் திருகுகளுக்கு அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

ஆக்‌ஷன் திருகில் ஒரு அருமையான சோதனை உண்டு. ரைஃபிளை நட்டமாக நிறுத்தி, பேரலுக்கும் ஸ்டாக் நுனிக்கும் நடுவில் இரண்டையும் தொட்டாற்போல் ஒரு விரலை வையுங்கள். இன்னொரு கையால் முன் திருகை மெல்லத் தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள். விரலில் அசைவு தெரிந்தால் ரிசீவர் ஸ்டாக்கில் சமமாக உட்காரவில்லை. திருகு அதை வளைத்துப் பிடித்திருக்கிறது. மேகசின் பெட்டி நடுவில் மாட்டி நசுங்கினாலும் இப்படித்தான் இருக்கும். திருகு இறுகிய பிறகும் பெட்டியில் இம்மியளவு ஆட்டம் இருக்க வேண்டும்.

எல்லாம் இறுகியும் கொத்து இரண்டாகவே இருந்தால், நன்றாகச் சுடும் வேறொரு ரைஃபிளின் ஸ்கோப்பை மாற்றிப் போட்டுப் பாருங்கள். இதைவிட நேரான சோதனை கிடையாது.

அறிகுறி: ஒரு தோட்டாவில் அருமை, மற்றதில் கேவலம்

இது இயல்பு. உத்தரவாதத்தில் 'பிரீமியம்', 'மேட்ச்' என்று எழுதியிருப்பதே இதற்காகத்தான். கடையில் மலிவாகக் கிடைத்த ஒரே பெட்டியைச் சுட்டுவிட்டுப் புகார் சொன்னால் எடுபடாது. குறைந்தது மூன்று வகை, வெவ்வேறு குண்டு எடையில் பாருங்கள்.

எடைக்குப் பின்னால் இருப்பது பேரலின் திருகுவரி, அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டியிருக்கும் சுருள் பள்ளம். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். .223 ரெமிங்டனில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பேரல் 55 கிரெயின் (குண்டு எடையின் அலகு) குண்டை அழகாகச் சுடும், 77 கிரெயினை நிலைநிறுத்தாது. நிலையில்லாத குண்டு காகிதத்தில் சாவித் துவாரம் போல நீண்ட ஓட்டை போடும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்தத் தோட்டாவை நிறுத்திவிடுங்கள்.

கலிபோர்னியாவில் வேட்டையாடுகிறவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். 2019 ஜூலை 1 முதல் அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. செம்பு ஈயத்தைவிட இலேசு, அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிவிடும். ஈயத்தில் நன்றாகச் சுட்ட பேரல் அதே எடைச் செம்பில் தடுமாறினால் ஒரு படி எடை குறைந்த செம்புக் குண்டைப் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: நன்றாகச் சுட்டது, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போனது

செம்புப் படிவு: குண்டின் செம்பு பேரலுக்குள் ஒட்டிப் படிந்திருக்கும். செம்பு கரைக்கும் திரவம் போட்டுத் துணியை ஓட்டுங்கள். நீலமோ பச்சையோ ஏறி வந்தால் அது வராமல் நிற்கும் வரை தொடருங்கள். அப்புறம் பேரல் நுனியின் கிரவுனை (குண்டு வெளியேறும் வாய் விளிம்பை) டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஒரு நெளிவு, ஒரு கீறல் போதும். சுத்தம் செய்த அடுத்த முதல் குண்டு விலகினால் பயப்பட வேண்டாம். எண்ணெய் மிச்சம் இருக்கிறது, காய்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சுடுங்கள்.

அறிகுறி: ரேஞ்ச் பெஞ்சில் பிரமாதம், காட்டில் தவறுகிறது

இது உத்தரவாதத்தில் வராது. வெள்ளை வால் மானின் உயிர்நிலை சுமார் எட்டு அங்குல வட்டம். 200 கஜத்தில் 1 எம்.ஓ.ஏ. ரைஃபிள் இரண்டு அங்குலச் சொச்சம் சிதறும், 1.5 எம்.ஓ.ஏ. ரைஃபிள் மூன்று அங்குலச் சொச்சம். இந்த ஒரு அங்குல வித்தியாசத்துக்காக மானைத் தவற விட்டவரை நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தும் முட்டி போட்டும் குச்சியில் சாய்த்தும் சுட்டுப் பழகாததால் தவற விட்டவர்கள், அதைவிட மோசமாக மானைக் காயப்படுத்தி இழந்தவர்கள் இருக்கிறார்கள். உத்தரவாதத்துக்காக வாங்கும் தோட்டாவில் பாதியையாவது அந்தப் பழக்கத்துக்குச் செலவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

இத்தனையும் பார்த்தாயிற்று, இன்னும் இரண்டரை அங்குலம்

அப்படியானால் ரைஃபிளில் குறை இருக்கிறது. தயங்காமல் அனுப்புங்கள். சும்மா 'சரியாகச் சுடவில்லை' என்று எழுதி அனுப்பினால், அவர்கள் தங்கள் தோட்டாவில், தங்கள் ஸ்கோப்பில் மூன்று குண்டு சுட்டு, ஒரு நல்ல குரூப்போடு 'அளவுக்குள் இருக்கிறது' என்று திருப்பி அனுப்பக்கூடும். நிகழ்தகவு அவர்கள் பக்கம் இருப்பதை மேலே பார்த்தோம். அதனால் நாலு டார்கெட்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் தேதி, தூரம், தோட்டாவின் பெயர், குண்டு எடை, பெட்டியில் உள்ள லாட் எண், பேரல் ஆறவிட்ட நேரம் எல்லாம் எழுதியிருக்கட்டும். ஸ்கோப் மாற்றிப் பார்த்ததையும், திருகுகளை எந்த அளவில் இறுக்கினீர்கள் என்பதையும் ஒரு தாளில் குறியுங்கள். 'ஒரே குரூப் சுட்டுப் பார்க்காமல், எத்தனை குரூப் சுட்டீர்களோ அத்தனை டார்கெட்டையும் திருப்பி அனுப்புங்கள்' என்று பணிவாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

ஸ்கோப்பையும் ரிங்கையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், கூடவே வந்த ஸ்டாக்கோடு அனுப்புங்கள். பழுது பார்க்க ரைஃபிளை நேரடியாகத் தயாரிப்பாளருக்கு அனுப்பவும், அவர்கள் அதை நேரடியாக உங்களுக்கே திருப்பி அனுப்பவும் அமெரிக்க மத்திய சட்டம் அனுமதிக்கிறது. கூரியர் கம்பெனிகளுக்கும் மாநிலங்களுக்கும் தனி விதிகள் உண்டு. அதனால் பெட்டியைக் கட்டுவதற்கு முன் கம்பெனியைக் கூப்பிட்டு, அவர்கள் தரும் அனுப்பும் லேபிளை வாங்கி ஒட்டிவிடுங்கள்.